பிடிஎஃப்பில் டிஜிட்டல் கையெழுத்து: டோக்கன் செருகுவது முதல் பச்சை டிக் வரை

வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு, கைபேசியில் படமெடுத்து, அந்தப் படத்தை வேர்ட் கோப்பின் அடியில் ஒட்டி அனுப்பும் பழக்கம் இன்னும் பல அலுவலகங்களில் இருக்கிறது. அதையே டிஜிட்டல் கையெழுத்து என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அது வெறும் படம். யார் வேண்டுமானாலும் வெட்டி இன்னொரு கோப்பில் ஒட்டலாம், ஒட்டியதற்குத் தடயமும் இருக்காது. அடோபி ரீடரில் உள்ள 'ஃபில் அண்ட் சைன்' வசதியும் இதே ரகம்தான். பெயரில் 'சைன்' இருப்பதால் பலரும் அதை அழுத்திவிட்டு, டெண்டர் தளம் ஏன் ஏற்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

உண்மையான டிஜிட்டல் கையெழுத்தில் நடப்பது வேறு. கோப்பிலுள்ள பைட்டுகள் எல்லாவற்றையும் ஷா-256 என்ற கணக்கில் போட்டு 256 பிட் நீளத்தில் ஒரு சுருக்கம் எடுக்கப்படுகிறது. கோப்புக்கு எடுத்த கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவ் மாதிரி இருக்கும் யுஎஸ்பி டோக்கனுக்குள் உங்களுக்கு மட்டுமே உரிய ரகசிய எண், அதாவது அந்தரங்கச் சாவி, இருக்கிறது; அது அந்தச் சுருக்கத்தைப் பூட்டித் தருகிறது. சாவி டோக்கனை விட்டு வெளியே வருவதே இல்லை. அதற்கு ஜோடியான பொதுச் சாவி, இது இன்னாருடையது என்று உரிமம் பெற்ற நிறுவனம் தரும் மின் சான்றிதழில் இருக்கும். கோப்பைப் பெறுபவரின் கணினி அந்தப் பொதுச் சாவியால் பூட்டைத் திறந்து, கையிலிருக்கும் கோப்புக்குப் புதிதாக எடுத்த சுருக்கத்தோடு ஒப்பிடும். ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் இரண்டும் பொருந்தாது. பக்கத்தின் மூலையில் பெயர், தேதியோடு தெரிகிற பெட்டி வெறும் அலங்காரம். அது இல்லாமலும் கையெழுத்து இருக்கலாம், அது மட்டும் இருந்து கையெழுத்து இல்லாமலும் போகலாம்.

சட்டப்படி இதற்குத் தகுதி கொடுப்பது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். பிரிவு 3 டிஜிட்டல் கையொப்பத்தைப் பற்றியது. பிரிவு 5 அதற்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. 2008இல் வந்த திருத்தம் 3ஏ என்ற பிரிவைச் சேர்த்து மற்ற மின் கையொப்பங்களுக்கும் வழிவிட்டது. ஆதார் ஓடிபி மூலம் போடும் இ-சைன் அந்த வழியில் 2015இல் வந்தது. உயில், அறக்கட்டளைப் பத்திரம் இரண்டும் இந்தச் சட்டத்துக்கு வெளியே இருப்பவை. நிதி நிறுவனங்களுக்கு எழுதித்தரும் சில வகைகள் நீங்கலாக, பவர் பத்திரமும் அப்படித்தான். இவற்றைத் தாளில் எழுதிப் பேனாவால்தான் கையெழுத்திட வேண்டும். முத்திரைத்தாள் தேவைப்படும் ஒப்பந்தத்துக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போட்டாலும் முத்திரைத் தீர்வை கட்டியே ஆகவேண்டும்.

எதை வாங்குவது

ஆண்டுக்கு ஓரிரு தடவை, அதுவும் ஏதாவது ஒரு தளம் கேட்கும்போது மட்டும் கையெழுத்துப் போடுபவருக்கு ஆதார் இ-சைன் போதும். கம்பெனி இயக்குநர், ஒப்பந்ததாரர், ஆடிட்டர், தினமும் இன்வாய்ஸ் அனுப்புபவர் இவர்களுக்கெல்லாம் டிஎஸ்சி, அதாவது டோக்கனில் வரும் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் வேண்டும்.

கிளாஸ் 2 சான்றிதழ் 2021 ஜனவரி 1 முதல் கிடையாது. இப்போது கிடைப்பது கிளாஸ் 3. மத்திய அரசின் சான்றளிப்பு அதிகாரிகள் கட்டுப்பாட்டாளரிடம் (சிசிஏ) உரிமம் பெற்ற ஈமுத்ரா, கேப்ரிகார்ன், என்-கோட், விசைன் போன்ற நிறுவனங்கள் தருகின்றன. பான், ஆதார் விவரத்தோடு ஒரு சிறு வீடியோப் பதிவும் கேட்பார்கள். அந்த வீடியோவில் விண்ணப்பதாரர்தான் பேச வேண்டும். உங்களுக்குப் பதிலாக ஏஜென்ட் பேசி முடித்துத் தருகிறேன் என்றால் அந்த ஏஜென்டிடம் வாங்காதீர்கள். செல்லுபடி காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள்.

வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கையெழுத்துக்கு மட்டும் என்றால் 'சைனிங்' போதும். மின் டெண்டரில் கலந்துகொள்வதாக இருந்தால் கோப்பை மற்றவர் படிக்காமல் பூட்ட உதவும் 'என்கிரிப்ஷன்' சான்றிதழும் சேர்ந்த காம்போ தேவைப்படலாம். பிறகு தனியாக வாங்கினால் செலவு கூடும். நிறுவனத்தின் பெயரும் சான்றிதழில் வர வேண்டுமா, தனிநபர் பெயர் மட்டும் போதுமா என்பதையும் எந்தத் தளத்துக்காக வாங்குகிறோமோ அங்கே பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இபாஸ் 2003, ப்ராக்ஸ்கீ, எம்டோக்கன் என்று டோக்கனில் பல மாடல்கள். எதுவானாலும் அதற்குரிய டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி நிறுவ வேண்டும். பென் டிரைவ் மாதிரி இருக்கிறதே என்று உள்ளே கோப்பைத் தேடாதீர்கள், தெரியாது. சான்றிதழை டோக்கனில் இறக்கியதும் முதல் வேலை, கூடவே வந்த பின் நம்பரை மாற்றுவது. பல டோக்கன்கள் 12345678 என்ற பின்னோடுதான் வருகின்றன.

கையெழுத்துக்கு முன் கோப்பு

இந்த இடத்தில் பத்து நிமிடம் செலவழித்தால் பிறகு ஒரு நாள் மிச்சமாகும். கையெழுத்துப் போட்டபின் கோப்பைத் தொட முடியாது. ஆகவே தொட வேண்டியதையெல்லாம் முன்பே தொட்டு முடித்துவிட வேண்டும்.

பக்கங்களை இணைப்பது, பக்க எண் போடுவது, அளவைக் குறைப்பது, திறவுச்சொல் வைப்பது எல்லாம் முன்னால். கையெழுத்து ஏறியபின் அளவு குறைக்கும் தளத்தில் ஏற்றினால் அது கோப்பையே புதிதாக எழுதித் தரும். கையெழுத்து போய்விடும், அல்லது உடைந்து சிவப்புக் குறியோடு நிற்கும். தளம் 2 எம்பிக்கு மேல் ஏற்காது என்றால் 2 எம்பியை ஒட்டியும் வைக்காதீர்கள். கையெழுத்தும் சான்றிதழ்களும் சேர்ந்து சில பத்து கேபி கூட்டும்.

தமிழில் தட்டச்சு செய்த ஆவணமாக இருந்தால் எழுத்துரு கோப்புக்குள் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கையெழுத்தோ செல்லும், படிக்கத்தான் முடியாது. வேர்டில் சேமிக்கும்போது 'ஆப்ஷன்ஸ்' பொத்தானை அழுத்தி 'பிடிஎஃப்/ஏ' என்ற பெட்டியில் டிக் போட்டால் எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

கையெழுத்துப் போடுவது

அடோபி ரீடரின் இலவசப் பதிப்பே போதும்.

1. டோக்கனைச் செருகுங்கள். விண்டோஸ் தேடலில் 'மேனேஜ் யூசர் சர்டிஃபிகேட்ஸ்' என்று தட்டி, 'பெர்சனல்', 'சர்டிஃபிகேட்ஸ்' என்று உள்ளே போனால் உங்கள் பெயர் தெரிய வேண்டும். இங்கே தெரியாவிட்டால் ரீடரிலும் தெரியாது, டிரைவரைச் சரிபாருங்கள்.

2. கோப்பை ரீடரில் திறந்து 'ஆல் டூல்ஸ்' பட்டியலில் 'யூஸ் எ சர்டிஃபிகேட்', அதற்குள் 'டிஜிட்டலி சைன்'. பழைய பதிப்பில் 'டூல்ஸ்', 'சர்டிஃபிகேட்ஸ்' என்று போக வேண்டும்.

3. கையெழுத்து வர வேண்டிய இடத்தில் மவுஸை அழுத்திப் பிடித்து ஒரு செவ்வகம் வரையுங்கள். ரொம்பச் சின்னதாக வரைந்தால் பெயர் எறும்பு மாதிரி விழும். விசிட்டிங் கார்டில் பாதி அளவு சரியாக இருக்கும்.

4. சான்றிதழ்ப் பட்டியல் வரும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் காலாவதித் தேதியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து 'கன்டினியூ' அழுத்துங்கள்.

5. அடுத்த பெட்டியில் தோற்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம். முதலாளிக்குப் பேனாக் கையெழுத்து மாதிரியே தெரிய வேண்டுமென்றால் 'கிரியேட்' அழுத்தி, ஸ்கேன் செய்த கையெழுத்தை ஒரு பிடிஎஃப்பாக ஏற்றிக்கொள்ளலாம். அந்தப் படத்துக்குச் சட்ட மதிப்பு எதுவும் கூடாது, மனத்திருப்திதான்.

6. அதே பெட்டியில் 'லாக் டாக்குமென்ட் ஆஃப்டர் சைனிங்' என்று ஒரு டிக் இருக்கும். உங்களுக்குப் பிறகு வேறு யாரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் அதைத் தொடாதீர்கள். கடைசி ஆள் மட்டும் போடலாம்.

7. 'சைன்' அழுத்தினால் எங்கே சேமிப்பது என்று கேட்கும். புதுப் பெயரில் சேமியுங்கள், மூலக்கோப்பு அப்படியே இருக்கட்டும். பிறகு டோக்கன் பின் கேட்கும். சேமித்ததும் கோப்பின் மேலே நீலப் பட்டையில் கையெழுத்தின் நிலை தெரியும்.

பின் நம்பரை நினைவிருக்கிற மாதிரியெல்லாம் அடித்துப் பார்க்காதீர்கள். குறிப்பிட்ட தடவை தவறினால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். அதைப் புதிதுபோல் ஆக்கலாம், ஆனால் உள்ளிருக்கும் சாவியும் சான்றிதழும் அழிந்துவிடும். சாவிக்கு நகல் கிடையாது என்பதால் அதே சான்றிதழை மறுபடி இறக்க வழியில்லை. புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

மக்கர் செய்யும் இடங்கள்

'கீசெட் டஸ் நாட் எக்ஸிஸ்ட்', பிழை எண் 2148073494. இது அடிக்கடி வருவது. சான்றிதழின் பெயர் விண்டோஸில் இருக்கிறது, அதற்குரிய சாவி மட்டும் அகப்படவில்லை என்று அர்த்தம். டோக்கனைச் செருகாமலே பெயரைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், அல்லது பழைய டோக்கனின் காலாவதியான சான்றிதழ் விண்டோஸில் மிச்சமிருந்து அதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். முன்சொன்ன 'பெர்சனல்' பட்டியலில் காலாவதியான பெயரை நீக்கிவிட்டு, டோக்கனைக் கழற்றிச் செருகினால் சரியாகும். இந்தப் பட்டியலில் நீக்குவது டோக்கனில் உள்ளதை அழிக்காது. டோக்கனின் சொந்த மென்பொருளுக்குள் போய் 'டிலீட்' அழுத்தினால் அழிந்துவிடும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சான்றிதழ் பட்டியலிலேயே வரவில்லை என்றால்: ஒரே நேரத்தில் இரண்டு டோக்கன் செருகியிருக்கிறதா, யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். நேராகக் கணினியின் துளையில் ஒன்றை மட்டும் செருகி, ரீடரை மூடித் திறந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மேக் கணினியில் டோக்கன் தானாகத் தெரியாவிட்டால் 'பிரிஃபரன்சஸ்', 'சிக்னேச்சர்ஸ்', 'ஐடென்டிட்டீஸ் அண்ட் டிரஸ்டட் சர்டிஃபிகேட்ஸ்' என்று போய், பிகேசிஎஸ்#11 பகுதியில் டிரைவரோடு வந்த மாட்யூல் கோப்பைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

ஜிஎஸ்டி தளத்திலோ வருமான வரித் தளத்திலோ கையெழுத்துப் போடுவது வேறு சங்கதி. அங்கே ரீடருக்கு வேலையில்லை. ஜிஎஸ்டிக்கு எம்சைனர், வருமான வரிக்கு எம்பிரிட்ஜ் என்று தனி மென்பொருள் கணினியில் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 'சர்வருடன் இணைய முடியவில்லை' என்ற மாதிரிச் செய்தி வந்தால் இணையத்தைச் சந்தேகப்படாதீர்கள். எம்சைனரை மூடி, வலது சொடுக்கில் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறங்கள்.

கேள்விக்குறியும் பச்சை டிக்கும்

இ-சேவையில் இறக்கிய சான்றிதழ், இ-ஆதார், வங்கியின் கடிதம், எதைத் திறந்தாலும் கையெழுத்து இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி, பக்கத்தில் 'வேலிடிட்டி அன்நோன்'. போலி என்று பயப்படுபவர்கள் உண்டு. உங்கள் ரீடருக்கு இந்தியாவின் தலைமைச் சான்றிதழை இன்னும் அறிமுகப்படுத்தவில்லை என்பதுதான் அதன் பொருள். கையெழுத்துப் போட்டவர் சான்றிதழின் மேல் அதை வழங்கிய நிறுவனத்தின் சான்றிதழ், அதற்கும் மேல் 'சிசிஏ இந்தியா' என்று ஆண்டோடு ஒரு பெயர். மூன்றும் ஒரு சங்கிலி. உச்சியில் இருப்பதை நம்பினால் கீழே உள்ளவை தாமாகவே நம்பப்படும்.

முதலில் கோப்பு நம்பகமான இடத்திலிருந்து, அதாவது நீங்களே அரசுத் தளத்தில் இறக்கியதாக இருக்கட்டும். இணையத்தோடு இணைந்திருங்கள். கையெழுத்தின் மேல் வலது சொடுக்கி 'ஷோ சிக்னேச்சர் ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'ஷோ சைனர்ஸ் சர்டிஃபிகேட்'. இடப்பக்கம் சங்கிலி தெரியும். உச்சியில் உள்ள 'சிசிஏ இந்தியா'வைச் சொடுக்குங்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்; கடைசியில் உள்ள ஆளின் பெயரிலேயே நின்றுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்த ஒருவரின் சான்றிதழுக்கு மட்டும் பச்சை டிக் வரும், வேறொருவர் கையெழுத்துப் போட்ட கோப்பில் மறுபடி கேள்விக்குறி. உச்சியைத் தேர்ந்தெடுத்தபின் 'டிரஸ்ட்' தாவலில் 'ஆட் டு டிரஸ்டட் சர்டிஃபிகேட்ஸ்', 'ஓகே', வரும் பெட்டியில் 'யூஸ் திஸ் சர்டிஃபிகேட் ஆஸ் எ டிரஸ்டட் ரூட்' என்பதில் டிக். வெளியே வந்து 'வேலிடேட் சிக்னேச்சர்' அழுத்தினால் பச்சை டிக்.

சங்கிலியின் உச்சியில் சிசிஏ இந்தியா இல்லாமல் கையெழுத்துப் போட்டவரின் பெயரே நின்றால் அது அவரே தனக்குத் தயாரித்துக்கொண்ட சான்றிதழ். ரீடரிலேயே இரண்டு நிமிடத்தில் எந்தப் பெயரிலும் அப்படி ஒன்று செய்யலாம். அதை நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. முன்பின் தெரியாதவர் 'டிக் வர இப்படிச் செய்யுங்கள்' என்று வழிகாட்டி அனுப்பினால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சிவப்புப் பெருக்கல் குறி வேறு விஷயம். கையெழுத்துக்குப் பின் கோப்பு மாறியிருக்கிறது, அல்லது சான்றிதழ் ரத்தாகியிருக்கிறது. கையெழுத்துப் பலகத்தில் வலது சொடுக்கி 'வியூ சைன்ட் வெர்ஷன்' கொடுத்தால், கோப்போடு பின்னால் சேர்க்கப்பட்ட மாற்றமாக இருந்தால், கையெழுத்துப் போட்ட நேரத்தில் கோப்பு எப்படி இருந்தது என்று காட்டும்.

இந்தச் சோதனையைக் கணினியில் ரீடரில் செய்யுங்கள். க்ரோம் உலாவியும் பெரும்பாலான கைபேசி ஆப்களும் கையெழுத்தைச் சோதிப்பதில்லை. கோப்பில் வரைந்திருக்கிற படத்தை அப்படியே காட்டும். அச்சிட்ட தாளில் பச்சை டிக் விழுந்திருந்தால் அதற்கும் மதிப்பில்லை. தாளில் டிக் வரைய கலர் பிரிண்டர் போதுமே. அச்சிட்டதை ஸ்கேன் செய்து அனுப்பினாலும், 'பிரின்ட் டு பிடிஎஃப்' கொடுத்தாலும் கையெழுத்து அத்தோடு முடிந்தது. வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் கோப்பு மாறாமல் போகும். திரைப்பிடியாக அனுப்பினால் படம்தான் போகும்.

மூன்று ஆண்டு கழித்து

சான்றிதழ் காலாவதியானால் அதற்கு முன் போட்ட கையெழுத்துகள் செல்லாமல் போவதில்லை. ஆனால் அவை முன்பே போட்டவை என்று காட்ட வேண்டும். சாதாரணமாக ரீடர் உங்கள் கணினிக் கடிகாரத்தின் நேரத்தைத்தான் பதியும். கடிகாரத்தை யாரும் பின்னால் தள்ளிவைக்கலாம். நீண்ட காலம் வைத்திருக்க வேண்டிய ஒப்பந்தமானால் நேரமுத்திரை, அதாவது வெளிச் சர்வர் ஒன்று சான்றளிக்கும் நேரம், சேருங்கள்: கன்ட்ரோல் + கே அழுத்தி, 'சிக்னேச்சர்ஸ்', 'டாக்குமென்ட் டைம்ஸ்டாம்பிங்', 'மோர்' என்று போய், சான்றிதழ் தந்த நிறுவனம் கொடுக்கும் நேரமுத்திரைச் சர்வர் முகவரியைப் பதிந்து 'செட் டிஃபால்ட்' கொடுங்கள். அதே இடத்தில் 'கிரியேஷன் அண்ட் அப்பியரன்ஸ்' பகுதியில் 'இன்க்ளூட் சிக்னேச்சர்ஸ் ரெவகேஷன் ஸ்டேட்டஸ்' டிக் செய்தால், அன்றைக்குச் சான்றிதழ் ரத்தாகாமல் இருந்தது என்ற சான்றும் கோப்புக்குள்ளேயே ஏறிவிடும்.

டோக்கன் இல்லாமல்: ஆதார் இ-சைன்

டீமேட் கணக்கு, பான் விண்ணப்பம், வங்கிக் கடன் ஒப்பந்தம் போன்றவற்றில் 'இ-சைன்' பொத்தான் வந்தால் ஆதார் எண் அல்லது விஐடி (அதற்கு மாற்றாகத் தரப்படும் தற்காலிக எண்) கொடுத்து, ஓடிபி அடித்தால் முடிந்தது. பின்னால் நடப்பது சுவாரசியமானது. அந்த ஒரு கையெழுத்துக்காக உங்கள் பெயரில் சாவி உருவாகி, 30 நிமிட ஆயுளோடு சான்றிதழ் பிறந்து, கையெழுத்து விழுந்ததும் சாவி அழிக்கப்படுகிறது. அதனால் சான்றிதழின் தேதியைப் பார்த்து 'காலாவதியான சான்றிதழை வைத்துப் போட்டிருக்கிறார்கள்' என்று பதற வேண்டாம்.

ஆதாரோடு கைபேசி எண் இணைந்திருக்காவிட்டால் இது நடக்காது. ஆதார் எண்ணைப் பூட்டிவைத்திருந்தால் எண்ணுக்குப் பதில் விஐடி கொடுங்கள். இனிஷியல் நம்மூர்க்காரர்களின் தனித் தலைவலி: ஆதாரில் முழுப்பெயர், விண்ணப்பத்தில் 'எஸ்.' என்று இருந்தால் பெயர் பொருந்தவில்லை என்று தளம் திருப்பிவிடலாம். கையெழுத்தில் விழுவது ஆதாரில் உள்ள பெயர்தான், ஆகவே விண்ணப்பத்தில் பெயரை ஆதாரைப் பார்த்து அடியுங்கள்.

டோக்கனை யார் வைத்திருப்பது

ஆடிட்டர் ஆபீஸ் மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்ட் போட்டு, மேலே பின் நம்பரை எழுதி ஒட்டிய இருபது டோக்கன்கள் கிடப்பது அபூர்வக் காட்சியில்லை. வசதிதான். ஆனால் சட்டத்தின் பிரிவு 42 சாவியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பைச் சான்றிதழ் பெற்றவர் தலையில்தான் வைக்கிறது. அந்த டோக்கனில் விழும் ஒவ்வொரு கையெழுத்தையும் 'நான் போடவில்லை' என்று பிறகு நிரூபிப்பது சுலபமில்லை. இன்னொருவரின் மின் கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. டோக்கன் தொலைந்தால் அன்றே சான்றிதழ் தந்த நிறுவனத்துக்குச் சொல்லி ரத்து செய்யச் சொல்லுங்கள்.

புதுப்பிக்கும்போது பழைய டோக்கனிலேயே புதுச் சான்றிதழை இறக்கலாம். அதற்காக உள்ளிருப்பதை அழிக்குமுன் ஒன்று பாருங்கள். சைனிங் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் போகட்டும், பழைய கையெழுத்தைச் சோதிக்க அந்தச் சாவி தேவையில்லை. என்கிரிப்ஷன் சான்றிதழ் அப்படியல்ல. அதைக்கொண்டு பூட்டிய கோப்பு அதே சாவியில்தான் திறக்கும். அப்படிக் கோப்பு ஏதாவது மிச்சமிருந்தால் பழைய டோக்கனைப் பத்திரமாக வைத்துவிட்டு, புதுச் சான்றிதழுக்கு வேறு டோக்கன் வாங்கிவிடுங்கள்.